முப்பத்தோராம் வாரம்

இதில் எவ்வளவு சரியாக நினைவிருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஒரு காலத்தில் என் நினைவின் மேல் எனக்கு அளவுகடந்த நம்பிக்கை இருந்தது. படித்த நாவலில் ஒரு வாக்கியம் எந்தப் பக்கத்தில், மேலிருந்து எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று சொல்லுவேன். அந்த நம்பிக்கையால் விளைந்ததைத்தான் எழுதப் போகிறேன். ஆகவே தேதிகளையும், யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் நம்ப வேண்டாம். கோபத்தை நம்பலாம். அது அன்று இருந்தபடியே இருக்கிறது.

முதலில் அந்தச் சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு வாங்கியவர்களில் நானும் ஒருத்தி.

பழைய நாவல்களைப் படமாக்கும் மோகம் வந்த காலம். ஆஸ்துமாவில் இருமி இருமிச் சாகும் தாசில்தார் படத்தில் பனிமலை மேல் பாடினார். கைம்பெண்ணாகவே முதுமை எய்தியவளுக்கு இரண்டாம் பாதியில் கல்யாணம் நடந்தது. நாங்கள் வாசகர்கள், ஊர் ஊராகச் சங்கம் வைத்திருந்தவர்கள், கொதித்துப்போனோம். மனு எழுதினோம், கையெழுத்து வாங்கினோம், தணிக்கை வாரியத்தின் வாசலில் நின்றோம். கடைசியில் மூல நேர்மைச் சட்டம் வந்தது. பழைய நாவலை யார் படமாக்கினாலும் மூலத்தோடு அது நூற்றுக்கு எத்தனை ஒத்துப்போகிறது என்று முதல் காட்சியிலேயே காட்ட வேண்டும். தொண்ணூற்றுக்குக் கீழே போனால் நாவலின் பெயரை வைக்கக் கூடாது. படத்தையும் நாவலையும், இதற்கென்றே அமைத்த ஒப்புநோக்கு வாரியத்தின் இயந்திரம் ஒப்பிட்டு எண் சொல்லும். குழப்பம் வராமலிருக்க ஒரு நாவலுக்கு ஒரே மூலம்தான் இருக்க வேண்டும். வாரியத்தின் பதிவேடுகளை யாரும் எக்காலத்திலும் மாற்றக் கூடாது. இந்தக் கடைசி இரண்டு விதிகளும் எங்கள் சங்கம் வற்புறுத்திச் சேர்க்க வைத்தவை. அன்று நான் தெருவெல்லாம் லட்டு கொடுத்தேன்.

இரண்டு பொருள்களை ஒப்பிடும்போது அவை பொருந்தாவிட்டால் எதை வேண்டுமானாலும் வெட்டிப் பொருத்தலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்போது காகிதப் புத்தகம் வீடுகளில் இல்லாமல் போய்விட்டது. எல்லா நூல்களும் பொதுச்சுவடி என்ற ஒரே இடத்தில் இருந்தன. கையில் வைத்திருக்கும் ஏட்டில் நாம் படிப்பது அங்கிருந்து வரும் பிரதிதான். அங்கே ஓர் எழுத்து மாறினால் அத்தனை பேரின் ஏட்டிலும் மாறிவிடும். மரத்தைக் காப்பதற்காகக் காகித மீட்பு இயக்கம் நடத்தி, வீடு வீடாக வந்து பழைய புத்தகங்களைச் சேகரித்துக்கொண்டு போனார்கள். என் தம்பி உமாபதிதான் என்னிடமிருந்ததையும் கொடுக்க வைத்தான். எல்லாம்தான் சுவடியில் இருக்கிறதே, இது எதற்கு இடத்தை அடைக்கிறது என்றான். எனக்கும் தும்மல் தொல்லை. மூன்று மூட்டை கட்டிக் கொடுத்தேன். அதில் 'ஏழாம் மதகு' பைண்டும் போயிற்று.

'ஏழாம் மதகு' சிவானந்தவல்லி என்ற பள்ளி ஆசிரியை எழுதிய ஒரே நாவல். வாரப் பத்திரிகையில் நாற்பத்தெட்டு வாரம் தொடராக வந்தது. அப்பாவுக்குக் குத்தாலம் தபால் நிலையத்தில் குமாஸ்தா வேலை. கல்யாணமான புதிதில் அந்தத் தொடரை வாராவாரம் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து வைத்து, முடிந்ததும் காலிகோத் துணியில் முதுகு போட்டுப் பைண்டு செய்து வைத்தார். தொடர்கதை படிக்கிற வீடுகளில் அது வழக்கம். கடையில் வாங்கிய நாவலைவிட அந்தப் பைண்டுகள் எனக்குப் பிடிக்கும். கதைப் பக்கத்தின் பின்னால் கூந்தல் தைல விளம்பரம் இருக்கும். பாதி ஜோக் இருக்கும், மறுபாதி பிரித்தெடுக்காத பக்கத்தோடு போயிருக்கும். பத்து வயதில் நான் அந்த ஜோக்குகளுக்கு நானே முடிவு சொல்லிக்கொண்டு சிரிப்பேன். அம்மா சிரிக்க மாட்டாள். அம்மாவின் பெயர் தையல்நாயகி. ஒரு நாளைக்கு அவள் பேசுவதை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம் என்று அப்பா சொல்லுவார்.

கதை இதுதான். ஐப்பசி மழையில் ஆறு கரையை முட்டுகிறது. தன் களத்தையும் வைக்கோல் போரையும் காப்பாற்ற, ஏழாம் மதகைத் திறந்துவிடச் சொல்கிறார் பண்ணையார். திறந்தால் தண்ணீர் பாயும் பள்ளத்தில்தான் அவருடைய வயலில் வேலை செய்கிறவர்களின் குடிசைகள் இருக்கின்றன. பதினொரு பேர் சாகிறார்கள். வழக்கு பண்ணையார் மேல் வரவில்லை. லஸ்கர் மேல் வருகிறது. லஸ்கர் என்றால் மதகைத் திறந்து மூடும் அரசாங்கச் சிப்பந்தி. அவன் மனைவி தவமணியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, திறக்கச் சொன்னது யார் என்று கேட்கிறார்கள். பண்ணையார் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அது முப்பத்தோராம் வாரம்.

அந்த அத்தியாயத்தை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. மற்ற வாரங்கள் கறுப்பு மையில் இருக்கும், அது மட்டும் நீலம். அந்தக் காலப் பத்திரிகைகளில் சில பக்கங்களைப் பச்சையிலும் நீலத்திலும் அச்சடிப்பது உண்டு. பின்பக்கத்தில் விளம்பரமும் கிடையாது. அதனாலேயே அது மற்றதைவிட உயர்ந்த அத்தியாயம் என்று எனக்குத் தோன்றும். தவமணி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள்: 'வாகீசம். அவர்தான் சொன்னார். என் காதால் கேட்டேன். இதோ உட்கார்ந்திருக்கிறார்.' அந்த நான்கு வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டுதான் நான் வளர்ந்தேன். பள்ளியில் என்னைத் திருடி என்று சொன்ன ஆசிரியருக்கு முன்னால் வாயைத் திறந்ததற்கும், பிற்காலத்தில் என் வீட்டுக்காரரை விட்டு வந்ததற்கும் அந்த நான்கு வாக்கியங்கள் காரணம்.

படம் வந்தது. மயிலாடுதுறையில் பகல் காட்சிக்குப் போனேன். முதல் காட்சியில் பெரிய எழுத்தில் 'மூலத்தோடு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு' என்று காட்டினார்கள். அரங்கில் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு மழை வந்தது. ஏழாம் மதகு தானாக உடைந்தது. பண்ணையார் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கி ஏழு குழந்தைகளைத் தூக்கி வந்து கரையில் போட்டார், எட்டாவது குழந்தைக்காகப் போனவரைத் தண்ணீர் கொண்டுபோயிற்று. தவமணி அவருடைய படத்துக்கு விளக்கேற்றினாள். பக்கத்து இருக்கைப் பெண் மூக்கை உறிஞ்சினாள்.

இருட்டிலேயே ஏட்டைத் திறந்தேன். சுவடியில் அந்த நாவலை நான் ஒரு தடவைகூடப் படித்ததில்லை. மனப்பாடமாக இருப்பதை எதற்குப் படிக்க வேண்டும்? முப்பத்தோராம் அத்தியாயத்துக்குப் போனேன். அங்கே நீதிமன்றம் இல்லை. விளக்கு இருந்தது. சிவானந்தவல்லியின் பெயரைப் போட்டு, அவர் எழுதுவது போலவே சின்னச் சின்ன வாக்கியங்களில், பண்ணையாருக்கு விளக்கேற்றியிருந்தார்கள்.

உமாபதி அந்தப் பட நிறுவனத்தில்தான் வேலை பார்த்தான். உரை இசைவுப் பிரிவின் தலைவன். அந்தப் பிரிவு என்ன செய்கிறது என்று நான் கேட்டதே இல்லை. எழுத்துப்பிழை பார்க்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி சுகந்தி இலை போட்டு, சுண்டைக்காய் வற்றல் குழம்பு ஊற்றினாள். நான் கை வைக்கவில்லை.

அவன் எதையும் மறைக்கவில்லை. நாவலின் உரிமையை அந்த வாரப் பத்திரிகையிடமிருந்து நிறுவனம் வாங்கியிருந்தது. உரிமை உள்ளவர் திருத்திய பதிப்பு வெளியிடலாம். மூன்று அத்தியாயங்களைத் திருத்தினார்கள்.

"யாரு திருத்தினது?"

"நான்தான்க்கா. படம் எடுத்து முடிச்சாச்சு. அதை மாத்தணும்னா நூறு பேரு, ஆறு மாசம். புஸ்தகத்த மாத்துறதுக்கு ஒரு ஆளு, ஒரு காலை வேளை. இட்லி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

"பழைய பிரதி?"

"அழிச்சாச்சு. ரெண்டும் இருந்தா ரெண்டு மூலமா ஆயிடும். மூலம் ஒண்ணுதான் இருக்கணும்னு சட்டம் சொல்லுது." குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னான். "உங்க சங்கம்தான கேட்டீங்க. லட்டுகூடக் குடுத்து விட்டியே."

சுகந்தி மோர் எடுக்க உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. நான் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் சண்டை என்றால் அதுதான், பேசாமல் இருப்பது. பதினொரு பேரைக் கொன்றவனுக்கு விளக்கேற்றியிருக்கிறாயே என்று கடைசியில் சொன்னேன். கதைதானே என்றான். கதைதான் என்றால் எதற்குத் தொண்ணூற்றெட்டு என்று போடுகிறீர்கள், உங்கள் சொந்தப் பெயரைப் போட்டுச் சொந்தக் கதை எடுங்களேன் என்றேன். இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

சட்டத்தில் ஒரு வழி இருந்தது. உரிமை உள்ளவரே திருத்தியிருந்தாலும், மூலமே மாற்றப்பட்டது என்று சந்தேகம் வந்தால், அதை முன்பே படித்த வாசகர் இருவர் வாரியத்தில் நினைவுச் சாட்சியம் சொல்லலாம். நெற்றியில் ஒரு பட்டை கட்டுவார்கள். படித்ததை நாம் நினைக்க நினைக்க, அன்று கண் பார்த்தது திரையில் மங்கலாகத் தெரியும். பலமுறை படித்த பக்கமாக இருந்தால் எழுத்தே தெரியும். இருவரின் நினைவும் ஒத்துப்போனால் பழைய மூலத்தை வாரியம் மீட்டு எழுதும்.

இரண்டாவது ஆளைத் தேடி நாகூர் போனேன். ஜமால் முகைதீனுக்கு எண்பத்தேழு வயது. பேருந்து நடத்துனராக இருந்தவர். பணிமனை நூலகத்தில் 'ஏழாம் மதகை' எடுத்து, நாகூர் திருவாரூர் தடத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டே படித்து முடித்ததாகச் சொன்னார். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் "அண்ணே, ஸ்டாப் போயிருச்சு" என்று கத்துவார்களாம். எல்லாம் இந்தத் தவமணிப் பெண்ணால்தான் என்று சிரித்தார்.

நீதிமன்றக் காட்சியைக் கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லலியேம்மா. அந்த ஆளப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. பாத்துக்கிட்டே நின்னுச்சு. அவன் தலையக் கீழ போட்டுட்டான். ஜட்ஜும் பாத்தாரு, சனமும் பாத்துச்சு. அவ்வளவுதான். நான் விசில் குடுக்க மறந்துட்டேன் அன்னிக்கு."

இல்லை என்றேன். பெயரைச் சொன்னாள், வாகீசம் என்று சொன்னாள் என்றேன். அவர் தயங்கினார். அப்படி ஒரு பெயர் வந்ததாகவே தெரியவில்லையே, பண்ணையார் பண்ணையார் என்றுதானே கடைசிவரை வரும் என்றார். நான் அந்த அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அவருக்குச் சொல்லிக் காட்டினேன். எந்தப் பக்கம், எந்த வரி என்றும் சொன்னேன். நீங்கள் ஓடுகிற பேருந்தில் ஒருமுறை படித்தீர்கள், நான் வீட்டில் நூறு முறை படித்தேன் என்றேன். வேறு ஏதோ கதையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறீர்கள் என்றும் சொன்னேன். பணிவாகத்தான் சொன்னேன். அதை இப்போது நினைத்தாலும் நாக்கு கசக்கிறது.

அவர் தலையை மெல்ல ஆட்டினார். பிறகு, "நீங்க படிச்சவங்க. எனக்கு வயசாயிடுச்சு. அப்படித்தான் இருக்கும்" என்றார்.

விசாரணைக்கு முதல் நாள் உமாபதி அழைத்தான். "அக்கா, சாட்சி சொல்லப் போகாத" என்றான். உன் வேலைக்கு ஆபத்தா என்று கேட்டேன். "என் வேல கெடக்கட்டும். நீ அசிங்கப்படுவ. சொன்னாக் கேளு." மிரட்டுகிறான் என்று நினைத்து இணைப்பைத் துண்டித்தேன்.

வாரியத்தின் கூடத்தில் முதலில் என்னைத்தான் உட்கார வைத்தார்கள். நெற்றியில் பட்டை குளிர்ந்தது. நான் கண்ணை மூடி, முப்பத்தோராம் வாரத்தை முதலிலிருந்து சொன்னேன். குரல் நடுங்கவில்லை. எழுத்தர் சொல் விடாமல் எழுதிக்கொண்டிருந்த ஓசை கேட்டது. 'வாகீசம்' என்று சொன்னபோது கூடத்தில் ஒரு சலசலப்பு. அது வெற்றி என்று நினைத்தேன்.

நிறுவனத்தின் வழக்கறிஞர் சின்னப் பெண். என்னை அம்மா என்றுதான் அழைத்தாள்.

"அம்மா, இந்தப் பேரு நாவல்ல வேற எங்க வருது?"

யோசித்தேன். நாற்பத்தெட்டு வாரத்தையும் மனதில் புரட்டினேன். பண்ணையார் வருகிறார், பண்ணையார் வண்டியில் ஏறுகிறார், பண்ணையார் வெற்றிலை போடுகிறார். பெயர் எங்கும் இல்லை. ஜமால் சொன்னது காதில் விழுந்தது.

"பரவாயில்ல. கொஞ்சம் திரையப் பாருங்க. நீங்க படிச்ச பக்கம்தான். இது அச்சாம்மா?"

பார்த்தேன். மங்கலாக, ஆனால் பெரிதாக, அந்தப் பக்கம் நின்றது. நீல எழுத்து. எழுத்துக்குக் கீழே கோடு. கோடு போட்ட தாள். ஒவ்வொரு 'ழ'வுக்கும் கடைசியில் ஒரு சின்னக் கொக்கி. மளிகைச் சீட்டிலும், நான் விடுதியில் இருந்தபோது வந்த நாலு வரிக் கடிதங்களிலும் பார்த்த கொக்கி. அம்மாவின் கையெழுத்து.

சிறு வயதில் அது கையெழுத்து என்று எனக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது தெரியாமலிருக்காது. எப்போது அதை மறந்து, நீல அச்சு என்று நினைக்கத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. அந்தத் திரைக்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேனோ, அதுவும் தெரியவில்லை. பதிவேட்டில் நான்கு நிமிடம் என்று இருக்கிறது.

அடுத்து ஜமாலை அழைத்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பட்டை கட்டியதும் திரையில் மழை பெய்யும் பேருந்துக் கண்ணாடி தெரிந்தது, மடியில் ஒரு புத்தகம் தெரிந்தது. எழுத்து நிலைகொள்ளவில்லை. ஒரு வரி தோன்றும், அதன்மேல் நான் சொல்லிக்கொடுத்த வரி வந்து படியும், இரண்டும் கலைந்துபோகும். வாரியத் தலைவர் இரண்டு முறை கேட்டார். தனக்கு நினைவில்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

தீர்ப்பை அன்றே வாசித்தார்கள். முதல் சாட்சி நினைவில் வைத்திருப்பது நாவலின் பகுதியல்லாத ஒரு கையெழுத்துப் பிரதி. இரண்டாம் சாட்சியின் நினைவு தெளிவாக இல்லை. ஆகவே சுவடியில் இப்போது இருப்பதே மூலம். படத்துக்குக் கொடுத்த தொண்ணூற்றெட்டுச் சான்று செல்லும்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு நாவலின் மூன்று அத்தியாயங்களை வேரோடு பிடுங்கிப் போட்டவர்கள், ஒரு பெண்பிள்ளை கோடு போட்ட தாளில் எழுதிய ஆறு பக்கத்தைக் காட்டி, மூலத்தைக் கெடுத்தது இவர்கள்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் சின்னப் பெண் போகும்போது என்னைக் கும்பிட்டாள்.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் உமாபதி உட்கார்ந்திருந்தான். ஜமாலுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்து வண்டி ஏற்றி அனுப்பிவிட்டு வந்திருக்கிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கண்டக்டர் சொன்னதுதான்க்கா சரி" என்றான். "திருத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சேன். அவ பாத்துக்கிட்டே நிக்கிறா. அவரு தலையக் குனியிறாரு. பேரே இல்ல."

அப்போதும் என் புத்தி வேறெங்கோ ஓடியது. அந்த வாரப் பத்திரிகை வீட்டுக்கு வராமல் போயிருக்கும், பைண்டில் ஓட்டை விழக்கூடாது என்று அம்மா தானே எழுதிச் சேர்த்திருப்பாள் என்றேன்.

"வந்துச்சு. அப்பா பிரிச்சு அடுக்கித்தான் வெச்சிருந்தாரு. பைண்டுக்குக் குடுக்கப் போறப்ப அம்மா அந்த வாரத்த மட்டும் உருவி அடுப்புல போட்டுட்டு, தான் எழுதினத வெச்சுருக்கு. அப்பா பாத்துட்டு ஒண்ணும் கேக்கலயாம். அப்படியே குடுத்துட்டாராம். சாகறதுக்கு நாலு நாள் முன்னாடி எங்கிட்ட சொன்னாரு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உனக்கு அந்தப் புஸ்தகம்னா உசுரு. அதக் கெடுக்க வேணாம்னாரு."

பிறகு, அப்பா சொன்ன மற்றதையும் சொன்னான். அம்மாவின் ஊர் நெடுங்கரை. அவள் அந்த ஊருக்குப் போனதே இல்லை, எங்களையும் கூட்டிப்போனதில்லை. அவளுக்குப் பதின்மூன்று வயதில் அங்கே ஒரு வெள்ளம். கரையை வெட்டிவிட்டார்கள். பள்ளத்துத் தெருவில் ஐந்து பேர் செத்தார்கள், அதில் ஒருத்தி அம்மாவின் அக்கா. வெட்டச் சொன்னதை அம்மா நேரில் கேட்டிருக்கிறாள். விசாரணைக்கு அழைத்தார்கள். அவள் வீட்டார் வேலை செய்த நிலத்தின் சொந்தக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். யார் சொன்னது என்று அதிகாரி மூன்று முறை கேட்டார். அம்மா அந்த நிலக்காரரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் தலையைக் குனியவில்லை. வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். கரை தானாக உடைந்தது என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

"அந்த ஆளு பேரு என்ன?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

உமாபதி சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பார்த்தால் போதும், குற்றவாளி தலையைக் குனிவான் என்று சிவானந்தவல்லி எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு அம்மா அடுப்பில் போட்டாள். அதில் எனக்கு அவள்மேல் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஒரு எழுத்தாளரின் பக்கத்தைக் கிழித்தது அவளும்தான். ஆனால் அவள் அதைத் தன் வீட்டுப் பைண்டில் செய்தாள். உலகத்தில் உள்ள மற்ற எல்லாப் பிரதியிலும் தவமணி பார்த்துக்கொண்டேதான் நின்றாள், அம்மா அவற்றைத் தொடவில்லை. இதுதான் மூலம் என்று யாரிடமும் போய் நிற்கவும் இல்லை. நான்தான் போய் நின்றேன்.

அடுத்த மாதம் நாகூர் போய் ஜமாலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்டதுதான் சரி, என்னால்தான் அது கலைந்தது என்றேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க சொன்னதும் நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றார். அந்தக் காட்சியை மறுபடி நினைத்துப் பார்க்கிறாரா என்று கேட்டேன். முயன்று பார்த்ததாகவும், இப்போது தவமணி அவருக்கும் பேசிவிடுவதாகவும் சொன்னார்.

தீர்ப்பின் முழுப் பிரதியைப் படிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. சாட்சியத்தில் சொன்னதையும் திரையில் தெரிந்ததையும் விதிப்படி தீர்ப்போடு இணைத்திருந்தார்கள். அம்மாவின் ஆறு பக்கமும் அதில் இருக்கின்றன, நீல எழுத்து, கோடு, கொக்கி எல்லாம். தலைப்பில் 'நாவலுக்குத் தொடர்பில்லாத கையெழுத்துப் பக்கங்கள்' என்று போட்டிருக்கிறார்கள். அதையும் மாற்ற முடியாது.

இனி அவரவர் என்ன ஆனார்கள் என்பது. படம் எழுபது நாள் ஓடியது. திருத்திய 'ஏழாம் மதகு' பதினோராம் வகுப்புக்குப் பாடமாக இருக்கிறது, விளக்கேற்றும் அத்தியாயத்திலிருந்து ஆண்டுதோறும் ஐந்து மதிப்பெண் கேள்வி வருகிறது. சட்டம் அப்படியே இருக்கிறது. அதன்பிறகு இன்னும் பதினான்கு நாவல்கள் திருத்தப்பட்டிருக்கின்றன, எல்லாவற்றுக்கும் தொண்ணூற்றைந்துக்கு மேல். எங்கள் சங்கம் கலைந்துவிட்டது. சிவானந்தவல்லிக்கு வாரிசு இல்லை, அவர் எழுதிய முப்பத்தோராம் அத்தியாயம் எங்கும் இல்லை. ஜமால் முகைதீன் விசாரணை நடந்த வருடமே மார்கழியில் காலமானார். உமாபதி ஓய்வு பெறும்வரை அந்த வேலையில்தான் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டில் சாப்பிடுகிறேன், அதைப் பற்றிப் பேசுவதில்லை. நெடுங்கரைக்காரர் எண்பத்தொரு வயதில், தன் கட்டிலில், பேரன் பேத்திகள் சூழ இறந்ததாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா இறந்து இருபத்திரண்டு வருடமாகிறது.

என் நினைவை நம்ப வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். இது ஒன்றை மட்டும் யாரும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஒப்புநோக்கு வாரியப் பதிவேடு, வழக்கு எண் 212, நான்காம் பின்னிணைப்பு, மூன்றாம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி. அங்கே ஒரு பெயர் இருக்கிறது.